பச்சை ஃபைலில் ஒரு கையெழுத்து

சைனப் அன்று நோன்பு வைக்கவில்லை. வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

சொன்னால் போதும். தெற்குவாசல் முட்டுச்சந்தில் அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பெருநாள் முடிந்து நாலாம் நாள் அது. பெருநாளுக்கு அடுத்து வைக்கிற ஆறு நோன்பில் மூன்றாவது. சைனப் என்றால் நோன்பு, நோன்பு என்றால் சைனப் என்று ஆறு வருஷமாகச் சந்துக்குள் ஒரு பேச்சு உண்டு.

உண்மை வேறு. விடியக் கருக்கலில் ஒரு மாத்திரை போடுவதற்காக அரை டம்ளர் தண்ணீர் குடித்தாள். அது நெஞ்சுக்குழி வரை இறங்கி, அங்கேயே நின்றது. கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு நுரையாகத் திரும்பி வந்தது, மாத்திரையோடு.

பச்சைத் தண்ணீர்கூட இறங்காத மூன்றாம் நாள்.

ஆனால் இடியாப்பம் நிற்காது. பங்குனி வெயில் ஏறுவதற்குள் நானூறு பிழிந்தாக வேண்டும். செல்லூரில் இரண்டு மெஸ், திருப்பரங்குன்றம் ரோட்டில் ஒரு டிபன் கடை, மீதி சந்துக்கு. பின்கட்டில் அண்டா கொதித்தது. வறுத்த அரிசி மாவில் கொதிநீரை ஊற்றிக் கரண்டிக்காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் சைனப் பிசைந்தாள். சூடு ஆறிவிட்டால் நூல் அறுந்துபோகும். ரொம்பச் சூடாக இருந்தால் கை வெந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிஷம்தான் உண்டு. அந்த நிமிஷம் அவள் கைக்குத் தெரியும்.

எதிரே செல்லக்கிளி இடியாப்ப உரலை முறுக்கிக்கொண்டிருந்தாள். சமயநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். ஏழு வருஷமாகச் சைனப்பின் வலது கை. வாய் மட்டும் யாருக்கும் வலது இடது பார்க்காது.

"யக்கா, மூஞ்சி என்ன, வெளுத்த துணியாட்டம் இருக்கு?"

"நோன்புடி."

"போன மாசம் முழுக்க நோன்பு. இப்ப இந்த ஆறு. மத்த நாள்ல திங்களும் வியாழனும். ஒங்க அல்லா ஒங்கள மட்டும் தனியாக் கூப்புட்டு வச்சு ஏதும் சொன்னாரா?"

"வேலையப் பாரு கிளி."

"வேலையத்தேன் பாக்குறேன். ஒங்கள யாரு பாக்குறது? நேத்து நோன்பு தொறக்கக் கஞ்சி காச்சிக் குடுத்தேன். அம்புட்டையும் சாக்கடையில ஊத்துனது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீக?"

சைனப் தாம்பாளத்தை இழுத்துக்கொண்டாள். மாவை உருட்டி நீட்டினாள். இடது விலாவுக்குக் கீழே நாலு நாளாக ஒரு நெருப்பு. நைட்டியின் மேல் கை படாமல் பார்த்துக்கொண்டாள்.

வாசலில் ஃபர்ஹா வந்து நின்றாள். மூன்றாம் வீட்டுப் பெண். இருபத்தி நாலு வயது, தொண்ணூற்றெட்டுக் கிலோ. பெண் பார்க்க வந்த மூன்று இடமும் "சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டுப் போய், சொல்லி அனுப்பவே இல்லை.

"மாமி, இருபது இடியாப்பம். வீட்டுல உள்ளவங்களுக்கு. நானும் உங்கள மாதிரி நோன்புதான்." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு மாசமா ஒரு திங்க, வியாழன் விடல மாமி. நாலு கிலோதான் கொறஞ்சிருக்கு. தலை வேற சுத்துது. நீங்க எப்படி மாமி அம்பது கிலோ கொறைச்சீங்க? ஏதாச்சும் தனியா ஓதுனீங்களா?"

"துஆ செய்மா. எல்லாம் கொறையும்," என்றாள் சைனப்.

ஃபர்ஹா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனாள். சைனப்புக்கு நாக்கில் கசந்தது.

ஓதியதும் இல்லை, நோன்பால் குறைந்ததும் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நூற்றுப் பன்னிரண்டு கிலோவாக இருந்தபோது, பைபாஸ் ரோட்டில் கண்ணாடி போட்ட ஒரு ஆஸ்பத்திரியில் அவள் இரைப்பையின் கழுத்தில் ஒரு சிலிக்கான் வளையத்தை மாட்டினார்கள். பேண்ட் என்று அதற்குப் பெயர். அதிலிருந்து ஒரு குழாய் வந்து, இடது விலாவுக்குக் கீழே தோலுக்கடியில் பொத்தான் மாதிரி ஒரு சின்ன டப்பியில் முடியும். அந்த டப்பியில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். வளையம் இறுகினால் நாலு வாய்க்குமேல் சோறு இறங்காது. அவ்வளவுதான் வித்தை.

சந்துக்குச் சொன்னது, பித்தப்பையில் கல் என்று. கல் எடுத்த பிறகு பசி இல்லை என்று முதலில். அப்புறம் நோன்பு என்று.

"யக்கா!" செல்லக்கிளி உரலை விட்டுவிட்டு எழுந்தாள். "நைட்டியப் பாருங்க! என்னக்கா இது?"

இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். மஞ்சளும் சிவப்புமாக. சைனப் குனிந்து பார்த்தாள். பார்த்த பார்வை திரும்பவில்லை. மாவுத் தாம்பாளத்தின் மேலேயே சரிந்தாள்.

*

பெரியாஸ்பத்திரி. பெண்கள் சர்ஜரி வார்டு. பத்தாம் நம்பர் கட்டில்.

கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் கணவன் உமர் பாரூக் நின்றான். விளக்குத்தூண் பக்கம் ரெடிமேட் கடை வைத்திருக்கிறவன். நைட்டி, சுடிதார், உள்பாவாடை. செய்தி கேட்டதும் ஷட்டரை முழுசாகக்கூட இறக்காமல் ஓடி வந்திருந்தான். சைனப்புக்குக் குமட்டியது. அவன் வலது கை தானாக அவள் நெற்றிக்குப் போனது, இடது கை தட்டை நீட்டியது. பழகிய கைகள். ஆறு வருஷமாக அவள் வாந்தி எடுக்கும்போதெல்லாம் நெற்றியைத் தாங்கியது அந்தக் கைதான். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

பக்கத்துக் கட்டில் அம்மாள் தன் மகளிடம் சொன்னாள். "பாத்துக்கடி. புருசன்னா இப்படி இருக்கணும். ஒன் வீட்டுக்காரன் தல வலிக்குதுன்னா கேரளாவுக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போயிருவான்."

சைனப்புக்கு அந்த வலியிலும் சின்னதாக ஒரு பெருமை வந்தது.

டாக்டர் இசைவாணி சாயங்காலம் வந்தாள். சின்ன வயசு. சோழவந்தான் பக்கத்துப் பெண். பேச்சில் வெற்றிலைக் கொடிக்கால் ஊர் இன்னும் ஒட்டியிருந்தது. தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்திருந்தாள்.

"அம்மா, நேராவே சொல்லிறேன். வெளிய சுத்தி இருக்க வேண்டிய பேண்ட் இப்ப இரைப்பைச் சுவரை அரிச்சு உள்ள வந்திருச்சு. அந்தப் புண்ணுல இருக்க கிருமி குழாய் வழியா வந்துதான் தோலுக்கடியில சீழ் வச்சிருக்கு. ரொம்ப நாள் சமாச்சாரம் இது. நாலு நாள்ல நடந்ததில்ல. எத்தனை வருசமா வாந்தி?"

"ஆறு வருசமா இருக்கும் டாக்டர். மொதல்ல வாரத்துக்கு ரெண்டு தடவை. இப்ப தெனமும்."

"ஆறு வருசமா!" டாக்டர் பேனாவை மூடினாள். "ஊசி போட்டுத் தளத்திக்கிட்டாச்சும் வந்திருக்கலாமே. செக்கப்புக்கே போகலையா?"

"அந்த டாக்டர் ஃபாரின் போயிட்டாரு, பேண்ட் போடுறதையே நிறுத்திட்டாங்க, இனிமே அங்க பாக்குறதில்லன்னு சொன்னாங்களே. சத்துக் கொறைச்சல், கேஸ், அதான் வாந்தின்னு..."

"யாரு சொன்னா?"

சைனப் யோசித்தாள். யார் சொன்னது? ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. போய்க் கேட்டுவிட்டு வந்து உமர்தான் சொன்னான்.

"பழைய ஃபைல் வேணும். என்ன சைஸ் பேண்ட், எப்படித் தச்சாங்கன்னு தெரிஞ்சா எனக்கு லேசு. எப்படியும் நாளைக் கழிச்சு ஆபரேசன்."

"டாக்டர்," உமர் முன்னால் வந்தான். "பொண்ணுக்கு இன்னும் பதினாலு நாள்ல நிக்காஹ். அதுவரைக்கும் குளுக்கோஸ் ஏத்தி..."

"அண்ணே, தண்ணியே இறங்கல. பதினாலு நாள் வச்சிருந்தா கிட்னி போயிரும். நான் வைக்க மாட்டேன்."

பழைய ஃபைலை எடுத்து வர மகள் நிலோபர் போனாள். இருபத்தியொரு வயது. உள்ளங்கையில் நகைக்கடை ரசீதும் தன் கல்யாணப் பத்திரிகைப் பட்டியலுமாகத் திரிந்துகொண்டிருந்தவள். உமர் "நான் போறேன்மா, நீ இரு" என்றான் இரண்டு தடவை. "கடைச் சாவி உங்கட்டதான இருக்கு, நீங்க போய்ப் பூட்டிட்டு வாங்க அத்தா" என்று அவள் வண்டியை எடுத்துவிட்டாள்.

கண்ணாடி ஆஸ்பத்திரி இப்போது குழந்தைப்பேறு மையமாகியிருந்தது. பழைய ஃபைல்கள் கீழ்த்தளத்தில் பச்சை அட்டையில் நூல் கட்டிக் கிடந்தன. சைனப்பின் பெயரும் வருஷமும் சொன்னதும் ஒரு மணி நேரம் தேடிக் கொடுத்தார்கள். அவள் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே கொண்டு வந்து மறுநாள் காலை டாக்டர் கையில் கொடுத்தாள்.

உமர் இளநீர் வாங்கக் கீழே போயிருந்தான். கட்டிலைச் சுற்றி டாக்டர், நிலோபர், செல்லக்கிளி.

டாக்டர் தாள்களைப் புரட்டினாள். கடைசித் தாளில் நின்றாள். திரும்பப் படித்தாள்.

"இனிமே அங்க பாக்குறதில்லன்னு சொன்னாங்கன்னீங்க."

"ஆமா டாக்டர்."

"வரச்சொல்லியிருக்காங்களே. ரெண்டு தபால், ஒரு போன். பேண்ட் போட்ட எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க. நெறைய பேருக்கு நழுவுது, அரிக்குது, வந்து படம் எடுத்துப் பாருங்க, தேவைப்பட்டா எடுத்துறலாம்னு. ரெண்டாயிரத்துப் பத்தொம்பது, ஆகஸ்ட் பதினாலு. நேர்ல வந்து விளக்கம் கேட்டாச்சுன்னு போட்டிருக்கு. 'பேண்டை எடுக்க நோயாளிக்கு விருப்பம் இல்லை. எடை திரும்ப ஏறும் என்பதால் வேண்டாம் என்கிறார். பின்விளைவுகளுக்கு நாங்களே பொறுப்பு.' எழுதிக் கையெழுத்து இருக்கு."

"நான் எழுதலையே!"

"உங்க கையெழுத்து இல்லம்மா. நோயாளி கையெழுத்துங்கற எடம் காலியா இருக்கு. உறவினர்ங்கற எடத்துல..."

தாளைத் திருப்பிக் காட்டினாள்.

மு. உமர் பாரூக். முழுப் பெயர், தமிழில், கீழே இரண்டு கோடு. பள்ளிக்கூட ரேங்க் கார்டு முதல் கேஸ் சிலிண்டர் புத்தகம் வரை அந்த வீட்டில் பார்த்துப் பழகிய கையெழுத்து.

 நிலோபர்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஆகஸ்ட் பதினாலு எனக்கு ஞாபகம் இருக்கும்மா. பத்தாவது படிச்சேன். ஸ்கூல்ல பேச்சுப் போட்டி. மொதப் பரிசு. அத்தா வரல. திருப்பூருக்குச் சரக்கெடுக்கப் போயிட்டாருன்னு நீதான் வந்த."

சைனப் கூரையைப் பார்த்தாள். அந்த வருஷம். ஆமாம், அந்த வருஷம்தான் வாந்தி ஆரம்பித்தது. அந்த ஆகஸ்ட் முடிந்த பிறகுதான் அவன் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். 'சைனு, திங்களும் வியாழனும் நோன்பு வையேன். நன்மைக்கு நன்மை, வயிறும் ஓய்வெடுக்கும்.' அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள்! நம்ம மேல இவ்வளவு அக்கறையா என்று.

உமர் உள்ளே வந்தான். வெட்டிய இளநீர், ஸ்ட்ரா போட்டு. கர்ச்சீப்பால் அடியைத் துடைத்துக்கொண்டே.

"ரெண்டே ரெண்டு மடக்கு குடிச்சுப் பாரு சைனு. வழுக்கை இல்லாம பாத்து வெட்டச் சொன்னேன்."

"மச்சான்," என்றாள் சைனப். குரல் சாதாரணமாக இருந்தது. "நிலோ பேச்சுப் போட்டிக்கு வராம திருப்பூர் போனீங்களே. எதுல போனீங்க?"

"பஸ்லதான். என்ன இப்ப போயி..."

"பைபாஸ் ரோட்டுல எறங்குனீங்களா?"

இளநீரைப் பிடித்திருந்த கை நின்றது. அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் கையில் இருந்த பச்சை ஃபைலைப் பார்த்தான்.

"சைனு, நான் சொல்றதக் கேளு..."

"டாக்டர்," சைனப் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆபரேசனுக்குக் கையெழுத்து யாரு போடணும்?"

"நீங்க போட்டாப் போதும். கூட ஒருத்தர் சாட்சிக்கு."

"என் மக போடுவா."

*

அவன் வார்டை விட்டுப் போகவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து வாட்ச்மேன் விரட்டியபோது வராந்தாவுக்குப் போனான். விட்டதும் திரும்ப வந்தான். செல்லக்கிளி கட்டிலுக்கும் அவனுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"கிளி, கொஞ்சம் வெளிய இரு. நாங்க பேசணும்," என்றான் உமர்.

"நான் இங்க உக்காந்தா ஒங்களுக்கு வாய் வராதாண்ணே? கையெழுத்துப் போட மட்டும் கை வந்துச்சு!"

"இருக்கட்டும் கிளி, அவரு பேசட்டும்," என்றாள் சைனப்.

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அன்னைக்கு அந்த டாக்டர் என்ன சொன்னாருன்னு கேளு மொதல்ல. லேசாத்தான் நழுவியிருக்கும், எடுத்தாலும் எடுக்கலாம், பொறுத்தும் பாக்கலாம்னாரு. எடுத்தா வெயிட் திரும்ப ஏறுமான்னு கேட்டேன். ஏறும், பல பேருக்குப் பழையபடியே ஏறிருச்சுன்னாரு. எனக்குத் திருப்பரங்குன்றத்துல எங்க அக்கா வீட்டு விசேஷம் கண்ணு முன்னாடி வந்துச்சு. நீ உக்காந்த சேர் ஒடைஞ்சு, அம்புட்டுச் சனமும் சிரிச்சு... அந்தச் சத்தம் இன்னமும் என் காதுல இருக்கு சைனு."

"சேரோட விழுந்தது நானு. சத்தம் கேட்டது உங்களுக்கா?"

"உனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்! என் கடையில இருக்க பெரிய சைஸ் நைட்டியக் கொண்டாந்து ரெண்டு பக்கமும் துணி ஒட்டுப் போட்டுத் தைச்சு நீ போட்டுக்கிட்டு அழுதத நான் பாத்திருக்கேன். அப்புறம் மீடியம் சைஸ் கொண்டாந்து குடுத்தப்ப உன் மூஞ்சியையும் பாத்திருக்கேன். அதத் திருப்பிப் பறிக்கச் சொல்றியா என்னைய? நீயேதான் சொன்ன. 'மச்சான், இனிமே அந்த ஒடம்பு வேணாம், செத்தாலும் பரவால்ல'ன்னு. சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

சைனப் எழுந்து உட்கார முயன்றாள். செல்லக்கிளி முதுகுக்குத் தலையணை வைத்தாள்.

"சொன்னேன். ஆனா தபால் வந்தன்னைக்கு என்னையக் கேட்டீங்களா? கேட்டிருந்தா எடுத்துறலாம்னு சொல்லியிருப்பேன். இல்ல, எடுக்க வேணாம், செத்தாலும் பரவால்லன்னு அதையேதான் திரும்பச் சொல்லியிருப்பேன். எதுன்னு எனக்கே தெரியல. ஆனா நான் சொல்லியிருப்பேன். என் வயிறு அது."

"நீ பயந்துருவ..."

"பயந்தது யாரு? ஆறு வருசம் என் தலையப் பிடிச்சீங்க. ஒவ்வொரு தடவையும் எதுனால வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டே பிடிச்சீங்க. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பாவம் இந்த மனுசன், எம்புட்டுப் பொறுமைன்னு. தொழுகையில உங்களுக்காக அழுதிருக்கேன். என் மேலதான் குத்தம், அவசரமாத் திங்கிறேன், மெல்லத் தெரியல, அல்லா கோவமா இருக்கான்னு. பட்டினிய நோன்புன்னு பேரு மாத்திக் குடுத்தீங்க. அல்லாவையுமா மச்சான் சாட்சிக்குக் கூட்டிக்கிட்டீங்க?"

அவன் கம்பியிலேயே நெற்றியை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. பக்கத்துக் கட்டில் அம்மாள் தன் மகளிடம் மெதுவாக, "சும்மா கெட, ஒன் புருசன் லோடு ஏத்திக்கிட்டே போகட்டும்" என்றாள்.

*

ஆபரேஷன் அன்று காலை பார்க்க வந்தவர்களில் ஃபர்ஹாவும் இருந்தாள். கையில் ஃபிளாஸ்க்.

பெரிய பயணம் போகும்போதும் கத்தி வைக்கும்போதும் சந்து முஸ்லிம்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்பையெல்லாம் மன்னித்துப் பொருந்திக்கொள்ளும்படி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். திரும்பி வந்தால் நல்லது. வராவிட்டால் மறுமையில் யாரும் யார் கழுத்தையும் பிடிக்க வேண்டியதில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது.

சைனப் செல்லக்கிளியிலிருந்து ஆரம்பித்தாள்.

"கிளி, எப்பவாச்சும் கோவத்துல பேசியிருந்தா பொருந்திக்க."

"எப்பவாச்சுமா? தெனமுந்தேன் பேசுவீக." செல்லக்கிளி மூக்கை உறிஞ்சினாள். "போயிட்டு வாங்கக்கா. நானூறு இடியாப்பத்தையும் ஒத்தக் கையில முறுக்கி எனக்குத் தோளே போச்சு."

பிறகு ஃபர்ஹா. சைனப் அவளைக் கட்டிலில் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். நைட்டிக்கு மேலாகவே அவள் கையை எடுத்து, கட்டுப் போட்ட விலாவில் வைத்தாள்.

"இது பித்தப்பைக் கல்லு ஆபரேசன் இல்லம்மா. வயித்துல வளையம் மாட்டி வச்சிருக்கேன் பன்னெண்டு வருசமா. அதுலதான் கொறைஞ்சேன். நோன்புல ஒரு கிலோகூடக் கொறையல. சாப்பிட முடியாததத்தான் நோன்புன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். உன்கிட்டயும் சொன்னேன்."

ஃபர்ஹா கையை இழுத்துக்கொண்டாள். முகம் சிவந்தது.

"அப்ப நான் ஆறு மாசமா தலை சுத்தி விழுந்தது?"

"என் பொய்க்காக விழுந்த. பொருந்திக்க ஃபர்ஹா."

வார்டு மொத்தமும் பார்த்தது. ஃபர்ஹாவின் அம்மா பின்னாலிருந்து, "சொல்லுடி, இந்த நேரத்துல சொல்லாம இருக்கக் கூடாது," என்று முதுகில் தட்டினாள்.

"எனக்கு வாயில வரல மாமி," என்றாள் ஃபர்ஹா. கண்ணில் தண்ணீர். "பொய் சொல்ல வரல."

"வேணாம்," என்றாள் சைனப். "வர்றப்ப சொல்லு."

தள்ளுவண்டி வந்துவிட்டது. இரண்டு பேர் தூக்கி மாற்றினார்கள். தியேட்டர் வாசல் வரை உமர் கூடவே ஓடி வந்தான். மூன்று நாள் தாடி. சட்டையில் பொத்தான் மாறியிருந்தது. கதவருகில் வண்டி நின்றதும் அவள் கையைப் பிடித்தான்.

"சைனு. எல்லார்ட்டயும் கேட்ட. என்கிட்ட கேக்கல. பரவால்ல, நான் கேக்குறேன். என்னையப் பொருந்திக்க. ஒரே ஒரு வார்த்தை. உள்ள ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் அல்லாட்ட என்ன பதில் சொல்லுவேன்?"

நிலோபர் அத்தாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். உமருடைய அக்கா, திருப்பரங்குன்றத்திலிருந்து காலையில்தான் வந்தவள், "சொல்லிரு சைனப்பு, புருசன் கண்ணீரோட நிக்கிறான்" என்றாள்.

சைனப் கையை விடுவித்துக்கொண்டாள். மெதுவாகத்தான்.

"நான் பொருந்திக்கிட்டேன்னு சொல்லிட்டுச் செத்துப்போனா உங்களுக்கு லேசு," என்றாள். "நான் சாகப் போறதில்ல."

கதவு திறந்தது. உள்ளே இழுத்துக்கொண்டது.

*

நாலு மணி நேரம்.

டாக்டர் இசைவாணி வெளியே வந்து, மூக்கு மூடியை இறக்கிவிட்டு, நிலோபரைத்தான் கூப்பிட்டாள். வளையத்தை எடுத்தாகிவிட்டது. ஓட்டையைத் தைத்தாகிவிட்டது. சீழ் இருந்த இடத்தை ஆறவிட வேண்டும். மூன்று நாள் வாய் வழியாக ஒன்றும் கிடையாது. அப்புறம் ஸ்பூன் தண்ணீர். கல்யாணத்துக்குச் சேரில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போகலாம்.

"திரும்ப வெயிட் ஏறுமா டாக்டர்?" பின்னாலிருந்து உமர் கேட்டான்.

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். வாயைக் கையால் மூடிக்கொண்டான். நிலோபர் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் இருபத்தியொரு வருஷம் ஒரு நொடியில் தீர்ந்தது.

டாக்டர் பதில் சொன்னாள். அவனிடம் இல்லை, நிலோபரிடம். "ஏறலாம். அத அப்ப பாப்போம். உங்க அம்மா எங்கிட்ட முன்னாடியே கேட்டுட்டாங்க. கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க."

மூன்றாம் நாள் காலை மூக்குக் குழாயை எடுத்தார்கள். செல்லக்கிளி ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள். சைனப் வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் காத்திருந்தாள். பிறகு விழுங்கினாள்.

இறங்கியது. எங்கும் நிற்காமல், எதையும் கேட்காமல் இறங்கியது. இன்னொரு ஸ்பூன். அதுவும்.

"பச்சத்தண்ணி இம்புட்டு ருசியாடி கிளி?" என்றாள்.

"குழாத் தண்ணிக்கா. வைகைத் தண்ணின்னு சொல்லிக்கிறாக. நம்பாதீக."

சிரித்தால் தையல் வலித்தது. வலித்தும் சிரித்தாள்.

நிலோபர் கட்டில் ஓரத்தில் வந்து நின்றாள். பத்திரிகைக் கட்டு இன்னும் பாதிக்குமேல் கொடுக்கப்படாமல் பையில் இருந்தது. தேதியைத் தள்ளி வைத்துவிடலாம் என்று அவள் சொன்னபோது சைனப் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை ஷாகிர் வீட்டிலும், வளையத்திலிருந்து கையெழுத்து வரை, சைனப்பே போனில் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"அம்மா, அத்தா வெளிய நிக்கிறாரு. மூணு நாளா வராந்தாவுலதான் கெடக்காரு. உள்ள வரட்டுமான்னு கேக்கச் சொன்னாரு."

சைனப் ஸ்பூனைக் கையால் விலக்கினாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. 

"கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள்?"

"ஒம்பது."

"பத்திரிகை ஒண்ணு எடு," என்றாள். "அவருக்கும் ஒண்ணு குடு. அன்னைக்கு வரச் சொல்லு."